கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு: பழங்காசுகளை இணைய ஏலத்தில் வாங்கவும் விற்கவும்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டி ஒன்றாவது இருக்கும். விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் நாலு, ஓட்டைக் காலணா ஒரு பிடி, பாட்டியின் காசுமாலையிலிருந்து கழன்றுபோன காசு ஒன்று, வெளிநாட்டு முத்திரை விழுந்த கடித உறை இரண்டு. இத்தனை நாள் சும்மா கிடந்த பெட்டி, டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று யாரோ காணொளி போட்டதும் திறக்கப்படுகிறது.

அந்த லட்சங்களை யாரும் கொடுத்ததில்லை. விளம்பரத் தளத்தில் யாரோ கேட்டு வைத்திருக்கும் தொகை அது. விளம்பரத்தில் கோடி ரூபாய் கூடக் கேட்கலாம், தடுப்பார் இல்லை. ஏலத்தில் அப்படி முடியாது. ஒரே பொருளை விரும்பும் இரண்டு பேராவது மோதினால்தான் விலை ஏறும். அதனால் வாங்குகிறவரும் விற்கிறவரும் முதலில் பார்க்க வேண்டியது, அதே காசு, அதே நிலையில், முடிந்த ஏலங்களில் எவ்வளவுக்கு விழுந்தது என்பதைத்தான். நாணய ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் முடிவுகளைத் தங்கள் தளங்களில் வைத்திருக்கின்றன. ஒரு காசுக்கு இப்படி ஐந்தாறு முடிவுகளையாவது எடுத்து எழுதுங்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு, நடுவில் நிற்பதை விலை என்று கொள்ளுங்கள்.

வயதை வைத்து விலையைக் கணக்கிடுவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் நூற்றறுபது வருடப் பழசு என்றாலும், சேகரிப்பாளர்களிடம் மலிந்து கிடக்கிறது. அந்த ஆண்டை மாற்றாமலே அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் அச்சடித்துத் தள்ளினார்கள். 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் அதைவிட எவ்வளவோ இளசு. ஆனால் வெளியே வந்தது கொஞ்சம்தான், தேடுகிறவர்கள் ஏராளம். 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசர் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பவே, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். அதனால்தான் அதற்கு மதிப்பு. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது. பிடிப்பிடியாகக் கிடைப்பதால், அச்சுப் பளபளப்பு அப்படியே இருந்தாலொழியத் தனிக்காசாக ஏலத்துக்கு அனுப்புவது வீண். வைஷ்ணவ தேவி படம் போட்ட காசு, 786 என்று முடியும் நோட்டு பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் புரளி.

எடுத்ததும் தராசு

வாங்கினாலும் விற்றாலும் 0.01 கிராம் வரை காட்டும் கையடக்கத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, ஒரு சிறு காந்தம் மூன்றும் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவை ஒரே ஒரு போலி ரூபாயைத் தவிர்த்தாலே எடுத்துவிடலாம்.

1835-லிருந்து 1939 வரை வந்த பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். புழங்கித் தேய்ந்த காசு 11.4, 11.5 என்று நிற்கும். 1940 முதல் 1945 வரை எடை அதேதான், வெள்ளி மட்டும் பாதியாகிவிட்டது. 1947 ரூபாய் வெள்ளியே அல்ல, நிக்கல், காந்தத்தில் ஒட்டும். தாத்தா வெள்ளி என்று சொல்லி வைத்திருந்த காசுக் கட்டுக்குள் இந்த 1947 காசுகள் கலந்திருப்பது சாதாரணம்.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, போலிக்காரர்களும் எடையைச் சரிசெய்கிறார்கள். அடுத்து தண்ணீர்ச் சோதனை. சிறிய கிண்ணத்தில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். காசைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 11.66 கிராம் காசு 91.7 சதவீத வெள்ளியாக இருந்தால் தராசு ஏறத்தாழ 1.13 காட்டும். பாதி வெள்ளியானால் 1.22 அளவில் நிற்கும். வெள்ளிபோல மின்னும் ஜெர்மன் சில்வர் என்றால் 1.35-க்குப் பக்கம் போகும். தேய்ந்த காசுக்கு, காற்றில் எடுத்த எடையை, தண்ணீரில் தராசு காட்டிய எண்ணால் வகுங்கள், 10.3-ஐ ஒட்டி வந்தால் நல்ல வெள்ளி. காசில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்குத் தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. நல்ல வெள்ளியிலேயே வார்த்த போலியை இந்தச் சோதனை பிடிக்காது. அதற்குப் பூதக்கண்ணாடிதான். எழுத்துகளின் ஓரம் மழுங்கிச் சோப்புபோல வழவழவென்று இருப்பது, பரப்பில் குண்டூசிமுனைக் குழிகள், விளிம்பைச் சுற்றி ஓடும் மெல்லிய ஒட்டுக்கோடு, இவை வார்ப்பின் அடையாளங்கள். 1939 என்று சொல்லி வரும் காசில் கடைசி இலக்கத்தைச் சுற்றிச் சுரண்டல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஆற்காட்டு ரூபாய் தனி வகை. சிறியது, தடித்தது, சம்மட்டியால் அடித்தது. அச்சு, அதன்கீழ் வைத்து அடிக்கும் வெள்ளி வில்லையைவிடப் பெரியது என்பதால் பாரசீக எழுத்தில் பாதிதான் காசில் விழுந்திருக்கும், அது குறையல்ல. எடை 11 கிராமுக்கு மேல், 12-க்குள். பெரும்பாலும் காணக்கிடைப்பது கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அச்சடித்தது. முகலாயர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற கணக்கும் அவர் இறந்து பல்லாண்டு கழித்தும் அப்படியே தொடர்ந்தன. கம்பெனிக் காசில் தாமரை மொட்டு இருக்கும், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்ததில் பிறை இருக்கும். ‘ஆற்காட்டில் நவாப் அச்சடித்த 1172’ என்று விவரம் எழுதினால், விஷயம் தெரிந்தவர்கள் அந்த விற்பனையாளரின் மற்றக் காசுகளையும் சந்தேகப்படுவார்கள். தாமரையும் பிறையும் தெளிவாகத் தெரியும்படி நெருக்கப் படம் ஒன்று போடுங்கள், விலையைத் தீர்மானிப்பதே அந்தக் குறிதான். திப்புவின் யானைச் செம்புக்காசுக்கும் இங்கே தேவை உண்டு, போலியும் உண்டு. யானையின் கால்களுக்கிடையே உலோகம் கரடுமுரடாகத் தெரிந்தால் தள்ளிப்போங்கள்.

சட்டம் குறுக்கே வரும் இடங்கள்

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். இபே நிறுவனத்தின் இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்ட பிறகு, அதன் பன்னாட்டுத் தளத்தில் கடை போடும் நம்மூர்க்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் 1922-ல் முடிந்துவிட்டது, அந்த வரிசை முழுவதும் நூறைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து யாராவது கேட்டால் ஆறாம் ஜார்ஜ், சுதந்திர இந்தியக் காசுகளோடு நின்றுகொள்ளுங்கள்.

அஸ்திவாரம் தோண்டும்போதோ நிலத்தை உழும்போதோ பானையில் கிடைத்த காசு உடனே உங்களுடையதாகிவிடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகப் போகும். மண் ஒட்டிய காசுகள் மொத்தமாக ஏலத்துக்கு வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கும்போது

இப்போது ஏலம் இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, பதிவுபெற்ற ஏல நிறுவனங்களின் தளம். மற்றது வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்கள். நிறுவனத்தில் போலிக்குப் பொறுப்பேற்பார்கள், ஆனால் கட்டணம் உண்டு. குழுவில் கட்டணம் இல்லை, பொறுப்பும் குழு நிர்வாகியின் முகத்தைப் பொறுத்தது.

நிறுவனத்தில் ஏலம் விழுந்த விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. அதன்மேல் வாங்குபவர் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி, தபால் செலவு எல்லாம் சேரும். கட்டணம் 15 சதவீதம், அதன்மேல் ஜி.எஸ்.டி 18 சதவீதம், தபால் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 ரூபாய்க்கு விழுந்த காசுக்கு 600 கட்டணம், 108 வரி, 150 தபால், மொத்தம் 4,858. சில நிறுவனங்கள் விழுந்த விலைக்கும் தனியாக வரி போடும், விதிப்பக்கத்தைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கணக்கைத் தலைகீழாகவும் போட வேண்டும். கையிலிருந்து 5,000-க்கு மேல் போகக் கூடாது என்றால், தபாலைக் கழித்த 4,850-ஐ 1.177-ஆல் வகுங்கள்: 4,120. அதுதான் நீங்கள் கேட்கலாகும் உச்சம். இந்த எண்ணை ஏலம் தொடங்குமுன் காகிதத்தில் எழுதி வைப்பது நல்லது. கடைசி இரண்டு நிமிடத்தில் ‘இன்னும் ஒரு நூறுதானே’ என்று தோன்றும், எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் அதேதான் தோன்றிக்கொண்டிருக்கும்.

தளங்களில் உச்சத் தொகையை முன்கூட்டியே பதியலாம். 4,100 என்று பதிந்தால் விலை உடனே அங்கே போய் நிற்காது. எதிராளி 3,200 வரை வந்து ஓய்ந்தால், படி நூறு ரூபாய் என்ற விதியில் உங்களுக்கு 3,300-க்கு விழும். இரண்டு பேர் ஒரே தொகையைப் பதிந்தால் முதலில் பதிந்தவருக்குத்தான் காசு. எல்லோரும் 3,000, 5,000 என்று முழு எண்ணாகவே பதிவார்கள், படி விதி அனுமதித்தால் அதற்கு ஒரு படி மேலே பதியுங்கள். சில தளங்களில் கடைசி நிமிடத்தில் யாராவது புது விலை கேட்டால் நேரம் தானாக நீளும். அங்கே கடைசி நொடியில் பாய்வதால் பயனில்லை. நீளாத தளத்தில் கடைசி அரை நிமிடத்தில் கேட்பது உதவும், ஆனால் நெட் சரியாகக் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

வாட்ஸ்அப் ஏலம் வேறு மாதிரி. எட்டு மணிக்குப் படம் விழும், ஒன்பதுக்கு முடிவு, கேட்கிறவர்கள் தொகையைத் தட்டச்சு செய்வார்கள். சண்டை வருவது எப்போதும் கடைசி நிமிடத்தில்தான். பதிவுக்குப் பக்கத்தில் கடிகாரக் குறி நின்றால் அது இன்னும் போகவில்லை. உங்கள் திரையில் 8.59 என்று இருந்தாலும் நிர்வாகியின் திரையில் 9.01-க்குத்தான் விழும். யார் திரையில் தெரிந்த வரிசை செல்லும், கடைசியாக விலை கேட்ட பின் எத்தனை நிமிடம் பொறுப்பார்கள், கேட்டுவிட்டு வாங்காமல் நழுவினால் என்ன நடவடிக்கை என்ற மூன்றும் குழு விதியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். எழுதாத குழு என்றால் பெரிய தொகைக்குக் கை நீட்ட வேண்டாம்.

ஆள் வைத்து விலை ஏற்றுவதும் நடக்கிறது. ஒரே பெயர் ஒரே விற்பனையாளரின் காசுகளுக்கு மட்டும் தொடர்ந்து கேட்டு, பெரும்பாலும் கடைசியில் விட்டுவிடுகிறதா என்று நாலு ஏலம் கவனித்தால் தெரிந்துவிடும். ‘முதலாமவர் வாங்கவில்லை, உங்களுக்கே தருகிறேன்’ என்று அடிக்கடி தனிச்செய்தி வந்தால் அந்த இடம் சரியில்லை.

படத்தைப் பார்க்கும்போது கண் முகத்துக்குப் போகாமல் விளிம்புக்குப் போகட்டும். காசுமாலையிலோ தாலிக்கயிற்றிலோ கிடந்த காசில் கண்ணி வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். பின்னால் அதை எடுத்துத் தேய்த்துவிட்டாலும் மேல்விளிம்பில், கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், பல்வரிசை மழுங்கி ஒரு சாம்பல் திட்டு நிற்கும். விளிம்புப் படமே போடாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் காரணம் அந்த விளிம்பில் இருக்கும். காசைச் சோதித்துத் தரம் போடும் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். நிறுவனங்களின் பெட்டியில் அடைத்து வந்தாலும், பெட்டிமேல் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத் தளத்தில் போட்டு, அங்குள்ள விவரமும் படமும் இந்தக் காசோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியையும் போலி செய்கிறார்கள்.

பார்சல் வந்ததும் கத்தரிக்கோலை எடுக்குமுன் போனைத் தாங்கியில் நிறுத்திக் காணொளியை ஓடவிடுங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டிய டேப், பிரிப்பது, காசைத் தராசில் வைப்பது எல்லாம் ஒரே ஓட்டத்தில், வெட்டில்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘வேறு காசு வந்திருக்கிறது’ என்று சொல்லும்போது எதிராளி ஒத்துக்கொள்ள மாட்டார்.

விற்கும்போது

முதல் விதி: தேய்க்காதீர்கள். வெள்ளி விளக்கைப் பளபளப்பாக்கும் பழக்கத்தில் விபூதி, புளி, பல்பொடி என்று எதையாவது போட்டுத் தேய்த்து, அதன்பிறகு படம் எடுத்து அனுப்புகிறார்கள். நூறு வருடத்தில் படிந்த சாம்பல், நீலச்சாயைதான் சேகரிப்பாளர் பணம் கொடுக்கும் விஷயம். தேய்த்த காசில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியே இல்லை. மண்ணோ தூசியோ இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். வேலூர் வெயிலில் விரல் எப்போதும் ஈரம். செம்புக்காசில் விரல் ரேகை சில வாரங்களில் கறுத்து அப்படியே பதிந்துவிடும். விளிம்பைப் பிடித்தே எடுக்கவும். மெத்தென்று இருக்கும் பி.வி.சி. உறை ஆல்பத்தில் வைத்தால் பச்சைப் பிசின் படியும், பி.வி.சி. கலவாத மைலார் உறை வாங்குங்கள்.

எதை ஏலத்துக்கு அனுப்புவது என்பதற்கு ஒரு கணக்கு. 91.7 சதவீத ரூபாயில் தனி வெள்ளி 10.69 கிராம், பாதி வெள்ளி ரூபாயில் 5.83. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை கிடைக்கும். நன்றாகத் தேய்ந்த 1862, 1904, 1918 போன்ற பரவலான காசு அடிவிலையை ஒட்டித்தான் போகும். அதில் விற்பனைக் கழிவும் தபாலும் போனால் மிஞ்சுவது குறைவு. அப்படிப்பட்டதைப் பத்துப் பத்தாகக் கட்டி ஒரே லாட்டாக விடுங்கள். கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஆண்டு, ஆலைக்குறி (எந்த நாணய ஆலையில் அச்சானது என்று காட்டும் குறி) பார்த்துத் தனியாக்குங்கள். மொத்த லாட்டுகளைத் தேடி வருகிறவர்களின் பிழைப்பே, கவனிக்காமல் உள்ளே விழுந்த ஒரு அரிய காசுதான்.

படம்: காலை எட்டு ஒன்பது மணிக்கு, வெயில் நேரே விழாத ஜன்னலோரம். வெள்ளிக்குக் கரும்பழுப்பு அட்டை, செம்புக்கு வெள்ளைத்தாள். போனை ஒரு சாண் உயரத்தில் ஏதாவது தாங்கலில் நிறுத்தி இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். மிக நெருங்கினால் போனின் நிழலே காசில் விழும். ஃபிளாஷ் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, தராசில் எண்ணோடு ஒரு படம், சற்றுச் சாய்த்து மினுக்கம் தெரிய ஒரு படம், ஆக ஐந்து. பக்கத்தில் உங்கள் குழுப்பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று வைத்தால், படத்தைத் திருடி வேறொருவர் விற்க முடியாது. அழகுபடுத்தும் ஃபில்டரைத் தொடவே வேண்டாம், ‘படத்தில் வேறு நிறம்’ என்று காசு திரும்பி வரும்.

விவரம் சுருக்கமாக, குறையை மறைக்காமல் இருக்கட்டும். இப்படி:

‘பிரிட்டிஷ் இந்தியா, ஒரு ரூபாய், 1919, ஐந்தாம் ஜார்ஜ், வெள்ளி, 11.58 கிராம். பின்பக்கம் கீழே புள்ளி உண்டு, பம்பாய் ஆலை. முகத்தில் தாடியருகே சிறு வெட்டு. விளிம்பில் ஒரு தட்டு. தேய்க்கப்படவில்லை. திருப்பி அனுப்ப 3 நாள், தபால் செலவு வாங்குபவருடையது.’

‘ரொம்ப ரேர்’, ‘அன்டீக்’, ‘லக்கி’ என்ற சொற்கள் வந்தாலே பழக்கமானவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். புள்ளி இல்லாத ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் கல்கத்தா ஆலை. சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா.

தொடக்க விலையில் ஒரே சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பலர் தேடும் காசைக் குறைவாகத் தொடங்கினால் கூட்டம் கூடி அதுவே மேலே போகும். இருபது பேருக்கு மட்டுமே புரியும் காசை, ஆற்காட்டு ரூபாயின் அபூர்வ அச்சு போன்றதை, ஒரு ரூபாயில் தொடங்கினால் அன்று அந்த இருபது பேரில் ஒருவர் மட்டும் விழித்திருப்பார், அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போவார். அதை விற்ற விலைகளின் நடுப்புள்ளியில் முக்கால் பங்கில் தொடங்குங்கள். மறைவான குறைந்தபட்ச விலை வைப்பதைவிட இது நேர்மை. ‘ரிசர்வ் தொடவில்லை’ என்று இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை உங்கள் பக்கம் வர மாட்டார். விற்காத காசை அடுத்த வாரமே திரும்பப் போடாதீர்கள், இரண்டு மாதமாவது ஆறட்டும்.

ஞாயிறு இரவு எட்டரை ஒன்பதரைக்குள் முடிவு வைப்பது நல்லது. மாதத்தின் முதல் பத்து நாளில் கையில் சம்பளம் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் பணமெல்லாம் ஜவுளிக்கடைக்குப் போய்விடும். நம் பக்கத்து ரத்தினகிரி முருகன் கோயில் ஆடிக் கிருத்திகை சென்னைக்காரருக்கும் கொல்கத்தாக்காரருக்கும் தடையல்ல. ஆனால் அன்று கூட்டத்தில் நிற்கும் உங்களால் ‘விளிம்புப் படம் அனுப்புங்கள்’ என்பதற்குப் பதில் சொல்ல முடியாது, கேட்டவர் போய்விடுவார்.

அனுப்புவதற்கு முன் காசின் அடையாளக் கீறல் ஒவ்வொன்றையும் நெருக்கப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காசை வைத்துக்கொண்டு தேய்ந்ததைத் திருப்பி அனுப்பும் வித்தைக்கு அதுதான் மருந்து. காசை உறையிலிட்டு, இரண்டு கெட்டி அட்டைகளுக்கிடையே வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, குமிழித்தாளில் சுற்றி உறைக்குள் வையுங்கள். காதருகே ஆட்டினால் சத்தமே வரக் கூடாது. உள்ளே உலோகம் என்று தடவித் தெரிந்தால் வழியில் காணாமல் போகும். உறைமேல் ‘நாணயம்’ என்று எழுத வேண்டாம், ஆனால் அஞ்சலகக் கவுன்டரில் உள்ளதைச் சொல்லிக் காப்பீடு கேளுங்கள். தனியார் கூரியர்களின் ஒப்பந்தத்தில் காசு, நகை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், தொலைந்தால் ஒன்றும் கிடைக்காது. ரசீதில் அச்சாகும் எடையைப் பத்திரப்படுத்துங்கள். ‘வெறும் உறைதான் வந்தது’ என்று சொல்கிறவருக்கு, 38 கிராம் ஏறிய ரசீது நல்ல பதில்.

கடித உறைகள்

தபால்தலையை உறையிலிருந்து பிய்க்காதீர்கள். வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டுக்கு 2006 ஜூலை 10-ல் வந்த தபால்தலை தனியாகக் கிடைத்தால் அதற்குப் பெரிய விலை கிடையாது, நிறைய அச்சானது. ஆனால் வடாற்காடு என்று மாவட்டப் பெயரோடு, ஊர் முத்திரை தெளிவாக விழுந்த பழைய உறையைத் தேடுகிறவர்கள் உண்டு. மாவட்டம் 1989-ல் பிரிந்தது, 2019-ல் வேலூர் மறுபடி மூன்றானது. இன்றில்லாத முகவரிகள் கொண்ட உறைகள் அதனால் சேர்ந்துகொண்டே போகின்றன. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய, இன்று சி.எம்.சி. எனப்படும் மருத்துவமனைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே போன மிஷன் கடிதங்களில் முத்திரை, தணிக்கைச் சீட்டு, உள்ளே கடிதம் மூன்றும் சேர்ந்திருந்தால் விலை கூடும். குடும்ப விஷயம், நோயாளி விவரம் எழுதிய கடிதமாக இருந்தால் உறையை மட்டும் விற்பதுதான் முறை.

பணம் கைமாறும்போது

பணம் பெறுவதற்கு க்யூஆர் குறியை ஸ்கேன் செய்யவோ யு.பி.ஐ. ரகசிய எண் போடவோ தேவையே இல்லை. ‘ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்’ என்றால் போவது உங்கள் பணம். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நம்பாமல், வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்துவிட்டுப் பார்சலைக் கட்டுங்கள். ‘தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்கள்’ என்பது பழைய தந்திரம்.

டிராக்டர் நோட்டு வலை வேறு வகை. உங்கள் நோட்டின் படத்தை அனுப்பச் சொல்லி, ‘ஐந்து லட்சத்துக்கு ஆள் இருக்கிறது’ என்பார்கள். பிறகு பதிவுக்கட்டணம், ஜி.எஸ்.டி, ரிசர்வ் வங்கித் தடையில்லாச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், வங்கி முத்திரை போட்ட கடிதம்கூட வரும். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ல் எச்சரித்தது. நிஜ ஏல நிறுவனம் தன் கழிவை விற்ற பணத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும், விற்குமுன் உங்களிடம் முன்பணம் கேட்காது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. யு.பி.ஐ. பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண், தேதி, நேரம், தொகை, போன கணக்கின் யு.பி.ஐ. முகவரி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள். எதிராளி தன் பக்கத்தில் அழிக்கலாம் என்பதால் முதலிலேயே அதன் ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பிவிடுங்கள். அன்றே தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்து, வரும் ஒப்புகை எண்ணோடு உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.